சகலை போட்ட படம்

நூல்காரர் சமையலறையை அளந்துவிட்டுப் போன மூன்றாம் நாள், சனிக்கிழமை காலையில், தையற்கடை அம்மா அவரைப் போனில் கூப்பிட்டாள். வேலை கைக்கு வந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். தேய்த்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

அவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மரவேலைக்காரர்களுக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். மற்றவர்கள் ஒரு நூல், இரண்டு நூலைக் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. இவர் விடமாட்டார். அலமாரிக் கதவு இரண்டுக்கும் இடையில் இருக்கும் சந்து மேலே ஒரு நூலாகவும் கீழே ஒன்றரை நூலாகவும் இருந்தால், வீட்டுக்காரர் போதும் போதும் என்று கெஞ்சினாலும் கழற்றித் திரும்ப மாட்டிவிட்டுத்தான் கிளம்புவார். இருபத்திரண்டு வருஷமாகத் தனி ஆளாகத் தொழில் செய்கிறார். சமையலறை அலமாரி என்றால் அந்தப் பக்கத்தில் முதலில் அவர் பேச்சுதான் வரும். வந்துகொண்டிருந்தது.

கீழே நாலு தையல் மிஷின்கள் ஓடும் சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்டது. மாடியில்தான் அம்மாவின் வீடு. முழங்கால் வலியால் படிக்கு ஒரு தரம் நின்று ஏறுகிறவள்.

"உக்காருங்க. சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. வேலையை வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்."

உட்காரப் போனவர் பாதியில் நின்றார். "யாருக்குங்க?"

"உங்க சொந்தம்தானாமே. உங்க பேரைச் சொன்னதும், எங்க சகலைதான்னு அவரே சொன்னாரு."

"அவனா? அவன் தரைக்கு ஓடு ஒட்டுறவன்ங்க."

"இப்ப சமையலறையும் பண்றாராம். கோவிச்சுக்காதீங்க. உங்க கை சுத்தம்னு ஊருக்கே தெரியும். ஆனா நீங்க என்ன சொன்னீங்க? நல்லா வரும்மா, கவலைப்படாதீங்கன்னீங்க. நல்லா வரும்னா எப்படி வரும்? ஒரு அட்டையில பென்சிலால நாலு கோடு இழுத்துக் காட்டினீங்க. எனக்கு அது கோழி கிளறின மாதிரி இருந்துச்சு. நானும் அளவெடுத்துப் பொழைக்கிறவதான். ஒரு சட்டைக்குக் கழுத்து எப்படி வேணும்னு கேக்குறப்ப நாலு படம் காட்டித்தானே கேக்குறேன்?"

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

தாளின் மேல் பாதியில் சமையலறையைக் கூரையைப் பிரித்து மேலேயிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரைந்திருந்தது. சுவர், வாசல், சன்னல், அடுப்பு, தொட்டி, ஒவ்வொரு அலமாரியும் எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று எண்களோடு. கீழ்ப் பாதியில் அதே அறை, வாசலில் நின்று பார்க்கிற மாதிரி. இன்னும் செய்யாத அலமாரியின் மேல் சன்னல் வெளிச்சம் சாய்ந்து விழுந்திருந்தது.

நூல்காரர் சோற்றில் கல் தேடுகிற மாதிரி அந்தத் தாளைக் கண்ணால் துழாவினார். கல் அகப்பட்டது.

சன்னல் பக்கத்துச் சுவர் ஒன்பதடி ஐந்தங்குலம் என்று போட்டிருந்தது. அந்தச் சுவர் முழுக்க, இந்த முனைக்கு அந்த முனை, அலமாரி. ஆனால் அந்த அறை கோணல். வாசல் பக்கம்தான் ஒன்பதடி ஐந்து. உள்ளே போகப் போக இரண்டு சுவரும் நெருங்கி, சன்னலண்டை ஒன்பதடி மூன்றேமுக்கால்தான் இருக்கிறது. பாத்திரங்களையெல்லாம் இறக்கி வைத்து, மண்டிபோட்டு அவர் இரண்டு தடவை அளந்தது. சகலை வாசல் பக்கம் மட்டும் டேப்பை நீட்டிப் பார்த்துவிட்டு, இங்கே எப்படியோ அங்கேயும் அப்படித்தான் என்று போயிருக்கிறான். பத்து நூல் வித்தியாசம். இந்தக் கணக்குக்குப் பலகை வெட்டினால் ஒன்றுகூட உள்ளே போகாது.

சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தைதான். அவர் சொல்லவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?"

"தாராளமா" என்றாள் அம்மா. "உங்க மனசு யாருக்கு வரும்!"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சகலை வீட்டில் சாப்பாடு. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. மனைவியின் தங்கையைத்தான் அவன் கட்டியிருந்தான். அவளை எல்லோரும் சின்னவள் என்றே கூப்பிடுவார்கள். போகவேண்டாம் என்று முதலில் நினைத்த நூல்காரர், பிறகு அவன் முகத்தைப் பார்க்கிற ஆசையில் கிளம்பினார். தப்பான எண் அவருக்குள் கடைவாயில் அடக்கிய மிட்டாய் மாதிரி கரைந்துகொண்டிருந்தது.

வெளியே மழைக்கு முந்தைய புழுக்கம். முட்டைக் குழம்பும் சோறும். சகலை இலேசான உடம்புக்காரன், வார்த்தைக்கு வார்த்தை அண்ணே என்பவன்.

"அண்ணே, தையற்கடை அம்மா உங்களைத்தான் முதல்ல கூப்பிட்டாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் சொல்றாங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"தொழில்னா அப்படித்தான் தம்பி. இதுல என்ன."

"புதன்கிழமை பலகை வெட்டச் சொல்லியிருக்கேன். படத்தை அப்படியே கடைக்கு அனுப்பிட்டா மிஷினே வெட்டிக் குடுத்துரும். மாட்டுற அன்னைக்கு நீங்க ஒருவாட்டி வந்து நின்னா எனக்குத் தெம்பா இருக்கும்."

"எனக்கு வேலை கிடக்கு."

"நீங்களும் இந்தப் படம் போடுற சாஃப்ட்வேரை வாங்கிக் கம்ப்யூட்டர்ல போடுங்கண்ணே. நம்மள மாதிரி தனியா தொழில் பண்றவங்களுக்குன்னே பண்ணியிருக்கான். பெரிய இன்ஜினியருங்க வெச்சிருக்கிறதெல்லாம் யானை விலை. இது மாசத்துக்கு ஒரு ரம்பப் பிளேடு வாங்குற காசுதான். சுவரைக் கோடா இழுத்தா அதுவே அறையா எழுந்து நிக்குது."

"எல்லாம் நீயேதான் வரையுறியா?"

சகலை தண்ணீர் டம்ளரை எடுத்தான். "கொஞ்சம் சோறு போடட்டுமா மாமா?" என்று சின்னவள் அவசரமாகக் கரண்டியோடு வந்தாள். நூல்காரரின் மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பெருமைக்காரன், அடக்கமாக இருக்கிற மாதிரி பாவனை பண்ணுகிறான் என்று நூல்காரர் நினைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது அவர் வழியெல்லாம் பொருமினார். "நேத்து வரைக்கும் முட்டிபோட்டு ஓடு ஒட்டினவன். இன்னைக்கு எனக்குப் புத்தி சொல்றான். யானை விலையாம், பிளேடு விலையாம். படத்தைக் காட்டி ஊரை ஏமாத்துறான்."

"ஏமாத்தலைங்க. கேக்குறவங்களுக்குப் புரியுற மாதிரி காட்டுறாரு."

"நீ அவனுக்கு வக்காலத்து வாங்காதே."

அவள் நடையை எட்டிப் போட்டு முன்னால் போனாள்.

எட்டு மாதத்துக்கு முன் அவளும் இதே பேச்சை எடுத்திருந்தாள். போனில் ஏதோ விளம்பரம் பார்த்துவிட்டு வந்து, "நாம இதை வாங்கலாமா? நான் கத்துக்கிறேன். நீங்க அளந்துட்டு வாங்க, நான் வரைஞ்சு குடுக்கிறேன்" என்றாள். கல்யாணத்துக்கு முன் அவள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பெட்டிகளுக்கு மடிப்புக் கோடு வரைகிற வேலையில் இருந்தவள். அவர் இழைப்புளியைக்கூட நிறுத்தாமல், "படத்தைப் பார்த்தா அலமாரி வாங்குறான்? என் கையைப் பார்த்து வாங்குறான்" என்று சொல்லிவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று என்று நினைத்தார்.

திங்கட்கிழமை விடாத மழை. பட்டறையில் ஒட்டிய பலகை காயாமல் பசை கையில் பிசுபிசுத்தது. வேலை ஓடாததால் நூல்காரர் பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்து, அந்தத் தப்பான எண்ணை இன்னொரு தடவை பார்த்து மகிழலாம் என்று போட்டோவை விரலால் விரித்தார். விரல் வழுக்கிப் படம் அடுப்புப் பக்கம் நகர்ந்துவிட்டது.

அடுப்பை ஒட்டி ஒரு சின்னச் சந்து. மூன்றங்குல அகலம். அதில் தட்டுத் தட்டாகச் செங்குத்தான கோடுகள். பக்கத்தில் பொடி எழுத்தில் ‘மூடிகள்’ என்று எழுதியிருந்தது.

அவர் படத்தை இன்னும் விரித்தார். தொட்டிக்கு இந்தப் பக்கம் இழுத்தால் வெளியே வரும் ஒரு பலகை, உட்கார்ந்த மேனிக்குக் காய் நறுக்கும் உயரத்தில். மேல் அலமாரியின் அடித்தட்டு, கையைத் தூக்காமல் எட்டுகிற மாதிரி, வழக்கத்தைவிட ஒரு சாண் கீழே.

‘பாத்திரத்துக்கெல்லாம் இடம் வெக்கிறீங்க, மூடிக்கு எவன் இடம் வெக்கிறான்? ஊர் உலகத்துக்கு அலமாரி செய்யுறீங்க, எனக்கு ஒரு சந்து விட மாட்டேங்கிறீங்க.’ மனைவியிடம் எத்தனை வருஷமாகக் கேட்ட குரல் அது. மூடி, உட்கார்ந்து நறுக்கும் பலகை, எட்டாத தட்டு, மூன்றையும் வரிசை மாறாமல் சொல்லுவாள்.

மழை தகரத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. சகலைக்கு மூடியைப் பற்றி என்ன தெரியும்? அவன் ஒரு நாள் சோறு வடித்திருப்பானா?

அன்று முழுக்க அவர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் சாப்பாடு போட்டாள், சாப்பிட்டார். அந்தத் தப்பை அதுவரை சகலையின் தப்பாகவே வைத்துப் பூரித்திருந்தார். இப்போது அது அவளுடையதாகவும் ஆகிவிட்டது. பலகை உள்ளே போகாமல் நிற்கும்போது அவமானம் அவளுக்கும்தான். சொல்லிவிடலாமே என்று ஒரு மனம் சொன்னது. படட்டுமே என்று இன்னொரு மனம் சொன்னது. அந்த இரண்டாவது மனத்தின் குரல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று அவள் வாரத்தில் இரண்டு மூன்று மதியம் போவது வழக்கம்தான். அவர் நேரே அங்கே நடந்தார்.

கதவைத் திறந்த சின்னவளின் முகம் வெளுத்தது. "வாங்க மாமா..." என்று சொன்னாளே தவிர வழியை விட்டு நகரவில்லை. அவள் தோளுக்கு மேலாக உள்ளே தெரிந்தது.

அவர் மனைவி கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடி நுனிமூக்கில். சகலை சமையலறையிலிருந்து ஒரு டம்ளர் டீயோடு வந்து, அவள் கை தட்டிவிடாத தூரமாகப் பார்த்து வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

"அக்கா, அந்தக் கதவு இடது பக்கம் திறந்தா நல்லா இருக்காது?"

"வேண்டாம். அடுப்பண்டை நிக்கிறவங்க முட்டியில இடிக்கும்."

"சரிக்கா. நீங்க சொன்னா சரி."

கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் தான் ஒரு தடவைகூட அவளிடம் சொல்லாத வார்த்தை அது என்பது நூல்காரருக்கு உறைத்தது. டீ வேறு. அவருடைய வீட்டில் டீ எப்போதும் அவள் கையிலிருந்து அவர் கைக்குத்தான் வந்திருக்கிறது.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்றார்.

அவள் திரும்பினாள். பதறவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "ஏழு மாசம்."

"அண்ணே, நான்தான்..." என்று சகலை ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு."

"அவரை எதுக்கு அதட்டுறீங்க? நான் முதல்ல உங்ககிட்டதானே வந்தேன்? நீங்க தலையைக்கூடத் தூக்கலை. இவர்கிட்ட சொன்னேன், அன்னைக்கே வாங்கிப் போட்டாரு. சும்மாவும் வரையலை. ஒவ்வொரு படத்துக்கும் குடுத்துடறாரு."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சு. படம்னாலே உங்களுக்கு ஆகாது. முந்தாநாள்கூட வழியெல்லாம் அந்தப் படத்தைத் திட்டிட்டுத்தானே வந்தீங்க. திட்டுறதைக் கேட்டுட்டு எப்படிச் சொல்றது?"

பதிலுக்கு வீச ஏதாவது இருக்கிறதா என்று அவர் மனதுக்குள் துழாவினார். அகப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அதை எடுத்து வீசினார்.

"பெரிய படம்! தையற்கடை அம்மா வீட்டுப் படமே தப்பு. அந்த அறை கோணல். சன்னலண்டை ஒன்பதடி மூணேமுக்கால். ஒன்பதடி அஞ்சுன்னு போட்டு வெச்சிருக்கே. நாளைக்கு வெட்டுற பலகை ஒண்ணுகூட உள்ள போகாது."

சகலை வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு போனைத் தேடி எடுத்துக்கொண்டு, பலகைக் கடைக்காரனைப் பிடிக்க வெளியே ஓடினான். "வெட்டாதீங்க, நிறுத்தி வைங்க" என்று அவன் வாசலில் கத்துவது கேட்டது.

அவள் மட்டும் அசையாமல் இருந்தாள். "நீங்க அந்த அறையை எப்ப அளந்தீங்க?"

"வியாழக்கிழமை."

"என் படத்தை எப்பப் பார்த்தீங்க?"

"...சனிக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை இதே வீட்டுல உக்காந்து சாப்பிட்டீங்க" என்றாள் அவள். "மறுசோறு வாங்கிச் சாப்பிட்டீங்க."

சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நூலுக்காகக் கதவைக் கழற்றி மாட்டுகிறவர், பத்து நூலை மூன்று நாள் வாய்க்குள் வைத்திருந்தார். இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மனைவி எழுந்து கையை நீட்டினாள். "டேப்பைக் குடுங்க."

"நான் சொல்றேன்ல, ஒன்பதடி மூணேமுக்கால்..."

"நான் அளந்துக்கிறேன். யாரோ சொன்ன அளவை நம்பி வரைஞ்சது போதும்."

இடுப்பிலிருந்த டேப்பைக் கழற்றிக் கொடுத்தார். அவள் குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். அவர் பின்னாலேயே நனைந்துகொண்டு நடந்தார். அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை.

தையற்கடை அம்மா கத்தரியும் கையுமாக மாடிப்படியில் எதிர்ப்பட்டாள்.

"அம்மா, உங்க சமையலறைப் படத்துல ஒரு அளவு தப்பாயிருச்சு. நேர்ல வந்து பார்க்காம வரைஞ்சது என் தப்பு. இவர்தான் கண்டுபிடிச்சுச் சொன்னாரு. திரும்ப அளந்துட்டுப் போறேன்."

"நீ யாரும்மா?"

"நான்தான் அந்தப் படம் வரைஞ்சது."

அம்மா கத்தரியைப் படியில் வைத்தாள். "மூடிக்கு இடம் வெச்சது நீயா?" அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அந்தச் சந்தைப் பார்த்துதாம்மா வேலையை அவருக்குக் குடுத்தேன். அளந்துட்டுப் போன ஆம்பளை எப்படி இதை யோசிச்சான்னு மூணு நாளா எனக்கு ஒரே ஆச்சரியம்!"

சமையலறையில் பாத்திரங்களை இறக்கினார்கள். டேப்பின் நுனியை அந்தச் சுவரில் வைத்துப் பிடிக்கிற வேலை நூல்காரருக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் நுனி பிடித்ததில்லை. "இன்னும் கொஞ்சம் கீழே" என்றாள் அவள். கீழே பிடித்தார். "ஆட்டாதீங்க." ஆட்டாமல் பிடித்தார். அவள் தரையில், இடுப்பளவில், தலைக்கு மேல் என்று மூன்று இடத்தில் அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டாள். அம்மா அவளிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். டீ வந்தபோதும் முதல் டம்ளர் அவளுக்குத்தான் போயிற்று.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. தெருமுனை வந்ததும் அவள் நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாமச் சொல்லணும். உங்க பொறாமை அவர் மேலயா, என் மேலயா?"

அவர் நனைந்த சட்டையை நெஞ்சிலிருந்து பிய்த்து விட்டுக்கொண்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், உள்ளதையே சொன்னார்.

"ரெண்டு பேர் மேலயும்தான். முதல்ல அவன் மேல. நேத்துல இருந்து உன் மேல அதிகம்."

"இதையாவது சொன்னீங்களே" என்றுவிட்டு அவள் நடந்தாள். ஆனால் அதோடு சரியாகிவிடவில்லை. அடுத்த பத்து நாளும் சாப்பாடு எடுத்து வைத்திருக்கு, துணி காயுது, கதவைச் சாத்துங்க என்பதற்கு மேல் அவள் பேச்சை வளர்க்கவில்லை.

பலகை வெள்ளிக்கிழமை வெட்டி வந்தது. மாட்டுகிற அன்று, யாரும் கூப்பிடாமல், நூல்காரர் கருவிப்பையோடு தையற்கடை அம்மா வீட்டுப் படியேறினார். சகலை அவரைப் பார்த்ததும் ஏதாவது பேசுவான் என்று பயந்தார். "வாங்கண்ணே, அந்த முனையைப் பிடிங்க" என்று மட்டும் சொன்னான் அவன். சாயங்காலம் வரை இரண்டு பேரும் மாட்டினார்கள். பலகை சுவருக்குச் சுவர் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. பன்னிரண்டு கதவுகளின் சந்தையும் நூல்காரரே ஒரே சீராக்கினார். கடைப் பெண்களையெல்லாம் மாடிக்குக் கூட்டி வந்து காட்டினாள் அம்மா.

"பாருங்கடி, அச்சு அசலாப் படத்துல இருந்த மாதிரியே இருக்கு!"

நூல்காரர் திருப்புளியைப் பைக்குள் போட்டார். கதவுச் சந்தை ஒருத்தியும் பார்க்கவில்லை. அந்த இடத்தில் அவருக்கு வழக்கம்போலச் சுருக்கென்றது. சுருக்கென்றதோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

அடுத்த வாரம் ஒரு புது வீட்டிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. இரண்டு படுக்கையறைக்கும் சமையலறைக்கும் அலமாரி வேண்டுமாம். மறுநாள் மதியம் வருவதாகச் சொல்லிவிட்டு, பட்டறையிலிருந்து வீட்டுக்குள் வந்து, துணி மடித்துக்கொண்டிருந்தவளின் எதிரில் நின்றார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு துண்டை எடுத்துக் கோணல் மாணலாக மடித்தார்.

"நாளைக்கு மதியம் ஒரு வீடு பார்க்கப் போறேன். பெரிய வேலை. நீயும் வர்றியா? வந்து உன் கண்ணால பார்த்து..." கொஞ்சம் திணறினார். "எனக்கு ஒரு படம் போட்டுத் தரணும்."

அவள் அந்தத் துண்டை வாங்கி உதறித் திரும்ப மடித்தாள். "நாளைக்கு மதியம் தங்கச்சி வீட்டுக்காரருக்கு வரைய வர்றேன்னு சொல்லியிருக்கேனே. பேச்சு மாற மாட்டேன்."

அவருக்குக் காது மடல் சூடாயிற்று. என் பெண்டாட்டி, என் வீடு, நான் போய் வரிசையில் நிற்கணுமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

"காலையிலன்னா?"

"காலையிலன்னா வர்றேன். அவருக்குக் குடுக்கிற மாதிரி எனக்கும் குடுக்கணும். சும்மா வரைய மாட்டேன்."

"சரி. நீ சொன்னா..." என்று ஆரம்பித்தவர், முழுதாக முடிக்காமல் போனை எடுத்தார். வீட்டுக்காரர் மறுமுனையில் வந்தார்.

"மதியம் வர்றதாச் சொன்னேனுங்களே, அதைக் காலையில வெச்சுக்கலாமா?"

"ஏன், மதியம் உங்களுக்கு வேற வேலையா?"

"எனக்கு இல்லீங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "படம் போடுறவங்களுக்கு மதியம் வேற இடத்துல வேலை இருக்கு."

"அது யாருங்க?"

"என் வீட்டுக்காரம்மா. அவங்க வந்து பார்த்தாத்தான் நான் எதையும் உறுதியாச் சொல்ல முடியும்."

"அப்ப சரி. எத்தனை மணிக்கு வருவீங்க, எட்டுக்கா ஒன்பதுக்கா?"

நூல்காரருக்கு அது தெரியவில்லை. அவள் அதற்குள் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள். "ஒரு நிமிஷம் இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அவள் திரும்பிப் பார்க்கும் வரைக்கும் அறை வாசலில் போய் நின்றார்.